கம்பி லோடு கிளம்பும் முன்: சரக்கைச் சரியாகக் கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் ஒரு இரும்புக் கடையில் 9 வருடம் லோடு அனுப்பும் பொறுப்பில் இருந்தேன். கம்பி, ஆங்கிள், பைப், தகரம், சிமெண்ட் என்று தினமும் பத்துப் பதினைந்து வண்டிகள் கிளம்பும். பெரும்பாலும் நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். "பக்கத்துலதாண்ணே, ரெண்டு சுத்து போட்டா போதும்" என்ற பேச்சைக் கேட்காத நாளே கிடையாது. அதை நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மதியம் அப்படித்தான் ஒரு குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் மினி லாரி, கிளம்பியது. கீழே ஜன்னல் கிரில்கள், அவற்றின் மேல் 6 அடியாக வெட்டிய 12 மி.மீ. கம்பிகள். 2 கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, குறுக்கே ஆடு ஒன்று வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றுவிட்டது, கம்பி நிற்கவில்லை. கேபினின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவருடைய இடது தோளை உரசியபடி போய் டேஷ்போர்டில் குத்தியது. பக்கத்து சீட்டில் அன்றைக்கு ஆள் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது என்னை அதிர வைத்தது கயிறுதான். அறுபடவில்லை, முடிச்சு அவிழவில்லை. நாங்கள் கட்டியது கட்டியபடியே இருந்தது. கம்பி மட்டும் அதன் அடியிலிருந்து உருவிக்கொண்டு போயிருந்தது.

கட்டு நன்றாக இருந்தும் சரக்கு எப்படி நகர்ந்தது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் பின்னால் வரும் ஒவ்வொரு வேலையும் புரியும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கயிறு எவ்வளவு பிடிக்கிறது? ஒரு சின்னக் கணக்கு

பலமாக பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் 80 சதவீத அளவு விசையோடு முன்னால் தள்ளும். வளைவில் பக்கவாட்டிலும், சட்டென்று கிளம்பும்போது பின்பக்கமும் 50 சதவீதம். இப்படி வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும் என்று ஐரோப்பாவின் இஎன் 12195 தரநிலை சொல்கிறது. அமெரிக்க லாரி விதிகளிலும் இதே அளவுதான்.

700 கிலோ கம்பி என்றால் முன்னால் தள்ளும் விசை 560 கிலோ. இதை எதிர்த்து நிற்பது முதலில் உராய்வு. இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். எடையில் 10 முதல் 20 சதவீதம்தான் பிடிமானம் கிடைக்கும். தாராளமாக 20 என்றே வைத்தாலும் 140 கிலோ. மீதி 420 கிலோவுக்கு வேறு வழி வேண்டும்.

சரக்கின் மேலாகப் போட்டு இரண்டு பக்கமும் கட்டும் கயிறு, கம்பியை முன்னால் போகவிடாமல் நேரடியாகப் பிடிப்பதில்லை. கீழே அழுத்துகிறது, அவ்வளவுதான். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். ஒரு ஆள் காலை ஊன்றி இழுத்தால் பக்கத்துக்கு 50 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து 100 கிலோ அழுத்தம். அதில் 20 சதவீதம், அதாவது 20 கிலோதான் கம்பியை நிறுத்தப் பயன்படுகிறது. நாலு கட்டு போட்டால் 80 கிலோ. இன்னும் 340 கிலோ குறைகிறது.

சரி, கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் போட்டால்? '5 டன் பெல்ட்' என்று கடையில் சொல்வார்கள். 5 டன் என்பது அது எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு, எவ்வளவு அழுத்தும் என்ற கணக்கு இல்லை. 50 மி.மீ. அகலமுள்ள சாதாரண ராட்செட்டைக் கையால் இறுக்கினால் கிடைக்கும் இழுவிசை 300 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நல்ல பெல்ட்டின் லேபிளில் எல்சி (LC), எஸ்டிஎஃப் (STF) என்று இரண்டு அளவுகள் அச்சிட்டிருக்கும். எல்சி தாங்கும் அளவு, எஸ்டிஎஃப் அழுத்தும் அளவு. மேலாகப் போட்டுக் கட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. லேபிளே இல்லாத பெல்ட்டை நான் வாங்க மாட்டேன்.

ஆகவே கட்டுவது கடைசி வேலை. சரக்கு நகர்வதற்கு இடமே இல்லாமல் அடுக்குவதும், வழுக்காத தளத்தில் வைப்பதும் அதற்கு முந்திய வேலைகள். லோடு விழும் வண்டிகளில் பெரும்பாலும் அந்த இரண்டும் நடந்திருக்காது. என் கடை வண்டியிலும் நடக்கவில்லை.

முதல் வேலை: சரக்குக்கு ஏற்ற வண்டி

கான்கிரீட்டுக்குள் போடும் டிஎம்டி கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர், ஏறத்தாழ 40 அடி. நடுவில் மடக்கினால் 20 அடி. குட்டி யானையின் பாடி 7 அடிதான். பிக்கப் வண்டிகள் 8, 9 அடி. டாடா 407 லாரி ஏறக்குறைய 10 அடி. இந்த அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே தெரியும், மடக்கிய கம்பியைக் குட்டி யானையில் ஏற்ற முறையான வழியே கிடையாது. கேபின் மேல் ஸ்டாண்ட் அடித்து, முன்னால் கொஞ்சம் பின்னால் நிறைய என்று நீட்டிக்கொண்டு போவதெல்லாம் வாடகைப் பணத்தை மிச்சம் பிடிக்க ஓட்டுகிறவரின் உயிரையும் பின்னால் வருகிறவரின் உயிரையும் பணயம் வைப்பதுதான்.

வழிகள் இருக்கின்றன. 20 அடிக்கு மேல் பாடி உள்ள லாரியைக் கேளுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டு வேலை நடந்தால் சேர்த்து அனுப்பலாம். கம்பி கட்டும் மேஸ்திரியிடம் அளவுப் பட்டியல் வாங்கிக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். ரிங்கெல்லாம் இப்போது வளைத்தே கிடைக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் இதைக் கேட்க ஆரம்பித்தால் கடைக்காரர்கள் செய்து கொடுப்பார்கள். கடைக்குள் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாடிக்கையாளர் கேட்காத எதையும் கடை தானாகச் செய்யாது.

எடை

கம்பியின் எடையை எடைமேடைக்குப் போகாமலே கணக்கிடலாம். விட்டத்தை மி.மீ. கணக்கில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி ஒரு முழு நீளம் 10.7 கிலோ சுமார். 16 மி.மீ. என்றால் 19 கிலோ சுமார். குட்டி யானை ஏற்ற வேண்டியது முக்கால் டன் அளவு, 12 மி.மீ. கம்பியில் 70 எண்ணிக்கையோடு அது முடிந்துவிடும். கம்பி பார்வைக்குக் கொஞ்சமாகத் தெரியும், அதுதான் ஆபத்து. வைக்கோல் ஏற்றினால் வண்டி மலை மாதிரி தெரியும், எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். ஒரு டன் கம்பி தளத்தில் ஒரு சாண் உயரம்கூட வராது.

மணலும் ஏமாற்றும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட் நாலரை டன்னுக்குக் குறையாது, நனைந்திருந்தால் அதற்கும் மேலே போகும்.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் கனம் போனால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி விட்டுப்போகும். மேட்டில் ஏறும்போது டிரைவருக்கு இது கையில் தெரியும், ஆனால் அப்போது இறக்கி அடுக்க முடியாது. கனமானது கீழே, நடுவில், பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால். கிரில் மேல் கம்பி வைத்தோமே, அது தலைகீழ். கம்பியைத் தளத்தில் போட்டு கிரில்லை மேலே வைத்திருந்தால் கம்பி கண்ணாடி உயரத்துக்கு வந்தே இருக்காது.

தளமும் முன்தடுப்பும்

ஏற்றும் முன் தளத்தைக் கூட்டுங்கள். முந்தைய லோடின் மணல், சிமெண்ட் தூள், சிந்திய ஆயில் எல்லாம் சரக்குக்கு அடியில் சக்கரம் கட்டிவிட்ட மாதிரி வேலை செய்யும். இரண்டு நிமிட வேலை இது.

பெட்டி, மோட்டார், இயந்திரம் போன்றவற்றுக்கு அடியில் கெட்டியான ரப்பர் விரிப்பு போட்டால் கணக்கே மாறிவிடும். உராய்வு 60 சதவீதம் வரை ஏறும். அதே 700 கிலோ, இப்போது உராய்வே 420 கிலோவைப் பிடிக்கிறது. மீதி 140 கிலோதான். அதற்கு ஒரு ராட்செட் பெல்ட்டே போதும். நான் இரண்டு போடுவேன். சில நூறு ரூபாய் ரப்பர், பத்துக் கட்டு கயிறு செய்யாத வேலையைச் செய்கிறது. கம்பிக்கு மட்டும் ரப்பர் முழுப் பலன் தராது, ஏனென்றால் அடிக் கம்பி பிடித்துக்கொண்டாலும் மேல் கம்பி அதன் மேலேயே வழுக்கும்.

அதனால் கம்பிக்கும் பைப்புக்கும் முன்தடுப்புதான் உயிர். கேபினுக்குப் பின்னால் உள்ள தகரத்தை நம்ப வேண்டாம். சின்ன வண்டிகளில் அது மெல்லிசு. 2 அங்குல மரப்பலகையோ கெட்டியான இரும்புத் தகடோ குறுக்கே நிறுத்தி, கம்பி நுனிகள் எல்லாம் ஒரே மட்டமாக அதில் முட்டி நிற்கும்படி தள்ளி அடுக்குங்கள். நுனிக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி விட்டால் தடுப்பு வைத்தும் பயனில்லை. அந்த ஒரு அடியில் கம்பி வேகம் பிடித்து வந்து இடிக்கும், சும்மா சாய்ந்திருப்பதுபோல் இருக்காது. எங்கே இடைவெளி இருந்தாலும் கட்டை, காலிப் பலகை, மணல் மூட்டை எதையாவது வைத்து அடைத்துவிடுங்கள். தடுப்பின் உயரத்தைத் தாண்டி ஒரு கம்பிகூடப் போகக் கூடாது.

உருளும் சரக்குக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வேண்டும். ஆப்பைத் தளத்தில் ஆணியடித்து நிறுத்த வேண்டும். கல்லைக் கொடுத்து நிறுத்துகிறார்கள், முதல் வேகத்தடையிலேயே அது நகர்ந்துவிடும்.

கட்டுவது

முதலில் கம்பிகளைக் கட்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் மூன்று நான்கு இடங்களில் முழுவதும் சுற்றி முறுக்குங்கள். நடுவில் இருக்கும் கம்பி உருவி வராமல் இருக்க இது வேண்டும். மேலாகப் போகும் பெல்ட் மேல் வரிசையை மட்டுமே தொடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் பெல்ட்டின் சாய்வு. பெல்ட் தளத்திலிருந்து செங்குத்தாக ஏறினால் இழுத்த விசை முழுவதும் அழுத்தமாகும். 60 டிகிரியில் 87 சதவீதம், 45-ல் 71, 30-ல் பாதிதான். கம்பி தாழ்வாகக் கிடக்கும் சரக்கு. அதன் மேல் நேராகப் பெல்ட் போட்டால் பெல்ட் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும், எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் இருக்காது. கம்பியின் மேல் குறுக்கே கனமான மரக்கட்டை வைத்து அதன் மேல் பெல்ட்டைக் கொண்டுபோனால் சாய்வு நிமிரும். கட்டை கம்பி முழுவதையும் சேர்த்து அழுத்தவும் செய்யும்.

கூரான விளிம்பில் பெல்ட்டோ கயிறோ நேராகப் படக் கூடாது. பழைய டயர்த் துண்டை இடையில் வையுங்கள். ஆங்கிள், தகரம் ஏற்றும்போது இது ரொம்ப முக்கியம். ஓடும் அதிர்வில் விளிம்பு ரம்பமாக மாறிவிடும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கிழிந்த பெல்ட்டை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள். முடிச்சு போட்டு ஒட்டுப்போட்ட பெல்ட்டும் கூடாது.

கொக்கியை எங்கே மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பக்கக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தாழ்ப்பாள் கதவுக்கானது. பாடியின் அடிச்சட்டத்தில் உள்ள வளையம்தான் லோடுக்கானது.

ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். சரக்கு குலுங்கி அடங்கும், பெல்ட் தளரும். அமெரிக்காவில் முதல் 50 மைலுக்குள் ஒருமுறையும், பிறகு 150 மைல் அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறையும் டிரைவர் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நம் சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளுக்கு நான் முதல் நிறுத்தத்தை 5 கிலோமீட்டரிலேயே வைப்பேன்.

சிவப்புத் துணி

முன்பெல்லாம் சரக்கு பின்னால் 1 மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம் இருந்தது. 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சிவப்புத் துணி கட்டினாலும் கட்டாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அபராதம் 20,000 ரூபாய், சரக்கை இறக்கும் செலவும் சேர்த்து. ஓட்டியவர் மட்டுமில்லை, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் பொறுப்பு என்கிறது 194-வது பிரிவு. அதிக எடைக்குத் தனியாக 20,000, கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதத்தை எண்ணிப் பயப்படுவதைவிட, அந்த விதி ஏன் மாறியது என்று யோசித்தால் நல்லது.

இரவில் பைக்கில் வருகிறீர்கள். முன்னால் ஒரு வண்டி, அதிலிருந்து கம்பி 6 அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. கம்பியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கோடாகத் தெரியும். நேர் பின்னாலிருந்து பார்த்தால் 12 மி.மீ. புள்ளி. துருப்பிடித்த புள்ளி, வெளிச்சத்தைத் திருப்பித் தராது. உங்கள் கண் பிடித்துக்கொள்வது அந்த வண்டியின் பின்விளக்கை. விளக்கு வரைக்கும் எவ்வளவு தூரம் என்றுதான் மனசு கணக்குப் போடும். ஆனால் வண்டி விளக்கோடு முடியவில்லை, அதற்கு 6 அடி பின்னால், உங்கள் நெஞ்சு உயரத்தில் முடிகிறது. தூசி படிந்த ஒரு துணி அந்த இருட்டில் சிவப்பாகவும் தெரியாது. பைக்கில் வருகிற எத்தனையோ பேர் கடைசி நொடிவரை கம்பியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது, ஏனென்றால் அந்தத் துணியைக் கட்டச் சொல்லி வண்டியை அனுப்பிய நாட்கள் எனக்கும் உண்டு.

மற்ற சரக்குகள், சுருக்கமாக

மணல், ஜல்லி: பக்கப் பலகைக்கு அரை அடி கீழேயே நிறுத்துங்கள், தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். பின் கதவு இடுக்கில் சாக்கைத் திணியுங்கள். வளைவில் சிந்திய ஒரு கைப்பிடி ஜல்லி ஒரு பைக்கைச் சாய்க்கப் போதும்.

காலித் தண்ணீர்த் தொட்டி, மெத்தை, பிளைவுட், தகரம்: இவற்றுக்கு எடை எதிரி இல்லை, காற்றுதான் எதிரி. மேல் தகடு மட்டும் கழன்று பறக்கும். மேலாக ஒரு கட்டை கொடுத்து முன்னும் பின்னும் கட்டுங்கள்.

கேஸ் சிலிண்டர்: நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும், படுக்க வைக்கக் கூடாது.

வைக்கோல்: ஊருக்குள் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடிக்கும். பாதையை முன்கூட்டிப் பார்த்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கரும்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகள் போகும். உயரமாக ஏற்றிய லாரிகளிலிருந்து சிந்தும் கரும்புக்கு யானைகள் பழகிவிட்டன. இப்போது குட்டியோடு வந்து லாரியை மறித்து உருவித் தின்கின்றன. பார்க்கிறவர்கள் சிரித்தபடி செல்போனில் படம் எடுக்கிறார்கள். சாலைக்கு வரப் பழகிய யானை எந்த இரவில் எந்த வண்டிமுன் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? சரியாக மூடிக் கட்டாத ஒரு லோடு காட்டின் பழக்கத்தையே மாற்றிவிட்டது.

ஆட்கள் சரக்கு இல்லை. லோடுமேன்களைக் கம்பி மேலும் மூட்டை மேலும் உட்கார வைத்து அனுப்பாதீர்கள். சரக்கு சரிந்தால் முதலில் அதன் அடியில் போகிறவர் அவர்தான். பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காசு கொடுத்து அனுப்புங்கள்.

சாலையில்

பிரேக்கைவிட வளைவுதான் அமைதியாக லோடைத் தள்ளும். வேகம் கூடினால் அதன் வர்க்கத்தில் விசை கூடும். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சரக்கு தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசையோடு வெளிப்பக்கம் தள்ளும். 30-ல் போனால் கிட்டத்தட்ட பாதி. வெறும் பத்து கிலோமீட்டர் வேக வித்தியாசம்! ஏற்காட்டுப் பாதையில் 20 வளைவு, கொல்லிமலையில் 70. ஒவ்வொன்றும் கட்டைக் கொஞ்சம் தளர்த்தும்.

தொப்பூர் கணவாய் மாதிரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். அங்கே தள்ளுவது வண்டியின் எடை மட்டுமில்லை, சரக்கு முழுவதும் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

நீங்கள் பின்னால் வருகிறவராக இருந்தால்: 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 17 மீட்டர் நகர்கிறீர்கள். லோடு வண்டிக்குப் பின்னால் குறைந்தது மூன்று நொடி, அதாவது 50 மீட்டர் விடுங்கள். முந்தினால் முழுதாக முந்திவிடுங்கள், பக்கத்திலேயே சேர்ந்து ஓட்ட வேண்டாம். வளைவில் வெளிப்பக்கம் இருக்கவே கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் சரக்கு விழுந்து கிடந்தால் 1033-க்குச் சொல்லுங்கள். அடிபட்டவர் இருந்தால் 108. உதவி செய்கிறவரைப் போலீஸ் கேஸில் இழுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது, தயங்க வேண்டாம்.

இறக்கும்போது

போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அவசரமாகப் பின்கதவைத் திறக்கும் நேரத்தில்தான் பல கைகால்கள் நசுங்குகின்றன. வழியில் சரக்கு நகர்ந்து கதவில் சாய்ந்திருக்கலாம். முதலில் வண்டியைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சாய்ந்த பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள். பெல்ட்டை எதிர்ப்பக்கம் நின்று ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்க்க வேண்டாம். கதவைத் திறக்கும்போது நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்று கொக்கியைத் தட்டிவிட்டு, சரக்கு அசையவில்லை என்று பார்த்த பிறகே லோடுமேனை அருகில் கூப்பிடுங்கள்.